தம்பூன் பாறை ஓவியம்: தண்ணீர் பாட்டில் குடிப்பதற்கு மட்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து காரை எடுத்தால் முக்கால் மணி நேரத்தில், பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கும் தம்பூன் வந்துவிடும். பக்கத்தூர்தானே என்று யாரும் எதையும் விசாரித்துக்கொண்டு போவதில்லை. நிதானமாகப் பசியாறி, வெயில் ஏறியபின் கிளம்பி, வியர்க்க விறுவிறுக்கப் படியேறி, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் முதல்முறை போன கதையும் இதுதான்.

மனத்தில் மாமல்லபுரத்தை வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பேர் குவா தம்பூன், மலாயில் குவா என்றால் குகை; ஆனால் இருட்டுக் குகை எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல் மலையின் வெளிச்சுவர், மேலே கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, அவ்வளவே. உளி வேலையும் கிடையாது. ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவால் சிவப்பாக வரைந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் கோலத்துக்கு இடும் காவி நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் எண்ணியதில் 600க்கும் மேற்பட்ட உருவங்கள் தேறின. பெரும்பாலானவை நம் தலைக்கு மேலே, நல்ல உயரத்தில். பைனாகுலர் இல்லாமல் போவது வீண். வெயிலில் கூசிய கண்ணுக்கு மங்கலான சிவப்பு எதுவும் பிடிபடாது; போனதும் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியும்.

இருப்பதிலேயே மோசமான தவறு தண்ணீர் அடிப்பது. எங்கள் சித்தப்பா பாட்டிலைத் திறந்து, எட்டுகிற இடத்தில் பாறைமேல் விசிறினார். படம் பளிச்சென்று தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். தெரியும்தான், அந்த நிமிடத்துக்கு. ஆனால் ஈரம் பாறைக்குள் இருக்கும் உப்பைக் கரைக்கும். காயும்போது அந்த உப்பு மேலே வந்து படிந்து, வண்ணத்தின்மேல் வெண்படலமாகிவிடும், அல்லது வண்ணத்தையே உரித்துக்கொண்டு வரும். வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாட்டில் ஊற்றினால் என்ன மிஞ்சும்? தொடுவதும் அப்படித்தான், கையிலுள்ள எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொள்ளும். படம் பளிச்சென்று வேண்டுமென்றால் போட்டோ எடுத்து வந்து, டி-ஸ்ட்ரெச் என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடுகூட எழுந்து வரும். பாறையில் பேர் எழுதுகிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கனமழை பெய்த மறுநாள் போகாதீர்கள். சுண்ணாம்புக்கல் மலையை நம்ப முடியாது. ஈப்போ கல்லுமலை கோயில் இருக்கும் குனோங் செரோ மலையில் 1973இல் பாறை சரிந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டதை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கதை தெரியாமல் போகாதீர்கள். 1948 ஜூனில் நம்மூர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு, அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்தது அல்லவா? அது முடிய ஓராண்டு இருக்கும்போது, 1959இல், கூர்க்கா படையின் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கண்ணில் இந்த ஓவியங்கள் பட்டன. அதன்பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. இதைச் சொன்னால் தாத்தாவும் பேரனும் சேர்ந்தே கேட்பார்கள்.

சரி, மேலே போனதும் கடற்பசுவைத் தேடச் சொல்லுங்கள். கடல் எங்கோ இருக்க, மலைச்சுவரில் அது எப்படி வந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். திரும்பும் வழியில் சாலையோரம் தம்பூன் பொமலோ (பம்பளிமாஸ்) விற்பார்கள். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருப்பதில்தான் சாறு இருக்கும்.