நின்றிருந்த கார், பூத்துப்போன டெர்மினல்

மாங்காய் சீசன் முழுக்க கிருஷ்ணகிரி மண்டியிலேயே கிடந்ததில் காரை எடுக்கவே இல்லை. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' மட்டும். டேஷ்போர்டு லைட்டும் மங்கியது. லைட் மங்கினால் முதலில் பேட்டரியைப் பாருங்க, ஸ்டார்ட்டர் மோட்டாரில் கை வைக்க விடாதீங்க. மல்டிமீட்டரில் 11.7 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6 காட்டணும்.

பேட்டரியில் கேபிள் மாட்டும் பாசிட்டிவ் முனையில், அதாவது டெர்மினலில், பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவையும் எடுத்து, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை விட்டேன், புசுபுசுவென நுரைத்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் கார் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்தோம். கடைசி கறுப்பு கிளிப்பை இறங்கின பேட்டரியில் மாட்டவே கூடாது, இன்ஜின் இரும்பில்தான் மாட்டணும். பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயு, பொறி பட்டால் வெடிக்கும். வண்டி உடனே பிடித்தது. ஓடும்போது 14.2 வோல்ட், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு. காவேரிப்பட்டினம் வரை ஓட்டிவிட்டு, ராத்திரி சார்ஜரில் போட்டேன்.