பொட்டலம் கட்டுவதற்கு முன்: சோறு கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் சோறு போட ஆள் பஞ்சமில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் தாமிரபரணிப் படித்துறைகளில் தர்ப்பணம் முடித்துக் கரையேறுகிறவர்கள் கையிலெல்லாம் பொட்டலம் இருக்கும். வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆளுக்கு நாலைந்து சேர்ந்துவிடும். அவரால் ஒன்றைத்தான் சாப்பிட முடியும். மற்றதெல்லாம் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். அதே ஆள் அடுத்த வாரம் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி வெறும் டீயோடு படுத்துக்கொள்வார்.

சோறு கொடுப்பதில் நடக்கிற தவறுகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. நமக்குத் தோதான நாள், நமக்குத் தோதான நேரம், நம் வீட்டில் ருசிக்கிற சமையல். சாப்பிடுகிறவருக்கு எப்போது பசிக்கும், அவர் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது கணக்கிலேயே வருவதில்லை.

நாள் விஷயத்துக்குத் தீர்வு சுலபம். ஜங்ஷன் ரயில் நிலையம், வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையம், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசல் என்று எங்கே கொடுப்பதாக இருந்தாலும், அங்கே ஏற்கெனவே யார் எந்தக் கிழமை, எந்த வேளை கொடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பூ விற்கிற அக்காவுக்கும் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணாச்சிக்கும் அது அத்துபடியாக இருக்கும். பொதுவாக மதியச் சாப்பாடு கொடுக்கத்தான் கூட்டம். ராத்திரி வேளையும் விடிகாலையும் காலியாகக் கிடக்கும். பிறந்தநாள் சாப்பாட்டை இரண்டு நாள் தள்ளி, ஆளில்லாத ராத்திரி ஒன்றில் கொடுத்தால் புண்ணியம் ஒன்றும் குறைந்துவிடாது.

காலையில் வடித்த சோறு, மதியம் வரை

ஆபத்தான தவறு இதுதான், ஆனால் பலர் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. விடிகாலை நாலு மணிக்கு அண்டாவில் சாம்பார் சாதம் கிளறி, ஆறு மணிக்குப் பொட்டலம் கட்டி, கோயிலில் அர்ச்சனை முடித்து, ஒரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வண்டி வெயிலில் நின்றிருக்கும். 'கெட்ட வாடை ஒன்றும் வரலையே' என்று முகர்ந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள்.

வாடையை நம்பக் கூடாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து இருக்கக்கூடும். சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் செத்தாலும் இந்த வித்து பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பாக இருக்கிற நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அதில் வாந்தியை உண்டாக்குகிற நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆகவே 'சூடு பண்ணிக் கொடுத்தால் போச்சு' என்பது இங்கே செல்லாது. சோறு ஊசிப்போன வாடை அடிப்பதற்கு முன்பே இவ்வளவும் நடந்து முடிந்திருக்கலாம்.

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த உணவு அந்த இடைவெளியில் எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் இலைக்குப் போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் அதையும் ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்வது உத்தமம். அண்டாவை இறக்கி மூடி வைத்தால் மேல்சோறு ஆறினாலும் நடுச்சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் தெரியும். ஆவி பறக்கப் பறக்க மடித்துக் கட்டினால் உள்ளே வேர்த்து, நீர் கோத்து, அதுவும் கெடுதல். கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சமைத்து, அண்டாவின் கீழே சிறு தீ இருக்க, சூட்டோடு தட்டில் பரிமாறுவதுதான் முதல் தரம். பொட்டலம் இரண்டாம் பட்சம்.

பொட்டலம்தான் முடியும் என்றால் பண்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். புளியோதரை தாங்கும், புளிப்பில் கிருமி எளிதில் பெருகாது, யாத்திரை போகிறவர்கள் அதைக் கட்டிக்கொண்டு போனது சும்மா இல்லை. தேங்காய் சேர்ந்தது எதுவும் தாங்காது. தேங்காய்ச் சட்னி, அவியல், கூட்டு எல்லாம் முதலில் ஊசிப்போகிற ரகம். கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சொதி நம் ஊர்ப் பெருமை, சரி. தேங்காய்ப்பால் சமாச்சாரமான அதை வாளியில் ஊற்றி மத்தியானத்துக்கு மேல் ஆசிரமத்துக்கு அனுப்புவது பெருமையில்லை.

கல்யாண வீட்டில் மிஞ்சுவதைக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிகள் கொண்டுவந்தது. உபரி உணவை வாங்கி விநியோகிக்கிற அமைப்புகள் பதிவு செய்திருக்க வேண்டும். உணவு என்ன, எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்று எழுதி ஒட்ட வேண்டும். தனி ஆளாகக் கொடுப்பவர்களும் இதைப் பின்பற்றலாம். ஒரு மார்க்கர் பேனா போதும். சமையல் நடக்கிற ஆக்குப்புரையில், சமைக்கிற தவசுப்பிள்ளையிடம் எப்போது இறக்கினது என்று கேட்டு, நேரத்தை மூடியில் எழுதுங்கள். பந்தியில் பரிமாறுகிற வாளிக்குப் போகாத, அண்டாவிலேயே சூட்டோடு மூடி இருந்ததை மட்டும் எடுங்கள். வாளிச் சோறு வேண்டாம்.

உடனே ஒரு கேள்வி வரும்: பழைய சோறு சாப்பிட்டுத்தானே நம் தாத்தாக்கள் வயலுக்குப் போனார்கள்? போனார்கள். அது தண்ணீரில் மூழ்கி, ராத்திரி முழுக்கப் புளித்து, அந்தப் புளிப்பே காவலாக இருந்து, காலையில் அதே வீட்டில் குடித்த நீராகாரம். கவரில் கட்டிய நேற்றைய சாம்பார் சாதத்தை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

எல்லா வயிறும் ஒரே வயிறில்லை

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. பிளாட்பாரத்தில் படுத்திருப்பவருக்கும் அது உண்டு. ஆனால் நாம் கொடுக்கிற இலையில் சர்க்கரைப் பொங்கல், கேசரி, அதன்மேல் ஒரு துண்டு அல்வா, அப்புறம் ஒரு மலை அளவு வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி வெஞ்சனம். இந்த அளவைத் தலைகீழாக மாற்றினால் சர்க்கரைக்காரருக்கு மட்டுமில்லை, எல்லாருக்குமே நல்லது. சோற்றைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுங்கள். ஒரு அவித்த முட்டை, இல்லையென்றால் ஒரு கைப்பிடி பயறுச் சுண்டல், கானத்துவையல் (கொள்ளுத் துவையல்) ஒரு உருண்டை. அரசு சத்துணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கே தினம் முட்டை போகிறது. நம் பொட்டலத்தில் ஏன் அப்பளத்தோடு நிறுத்திவிடுகிறோம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

சர்க்கரைக்காரர் என்றதும் கேப்பைக் கூழைச் சொம்பு சொம்பாக ஊற்றுவது இன்னொரு தவறு. கேப்பையிலும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை சடாரென்று ஏறும். அளவோடு, கூடவே பயறோ முட்டையோ கொடுத்தால் சரி. அதைவிட முக்கியம் நேரம். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர் காலையிலேயே இன்சுலின் போட்டிருப்பார். பன்னிரண்டு மணிக்கு வருகிறோம் என்று சொன்ன வண்டி மூன்று மணிக்கு வந்தால், அதற்குள் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வேர்த்து மயங்கிவிடுவார். சிலவகை மாத்திரைகளிலும் இதே கதைதான். சொன்ன நேரத்துக்குப் போக முடியாது என்றால் நேரமே சொல்லாதீர்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள் நிலைமை வேறு. நாம் நல்லது என்று நினைத்து நீட்டுகிற இளநீரும் வாழைப்பழமும், டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். ஊறுகாய், வத்தல், அப்பளத்தின் உப்பும் அவருக்கு ஆகாது. நாம் வைத்தியர் இல்லை, ஒவ்வொருவருக்கும் பத்தியம் சமைக்கவும் முடியாது. ஆனால் இரண்டு பாத்திரம் வைக்க முடியும்: ஒன்று வழக்கமான சமையல்; இன்னொன்று காரமும் உப்பும் குறைத்து, குழைய வேகவைத்தது. குழம்பைச் சோற்றில் கலக்காமல் தனியாகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஊறுகாயையும் பழத்தையும் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

அந்த இரண்டாவது பாத்திரத்துக்கு ஆள் தானாக வரும். பல் போன ஆச்சி ஒருவரிடம் சாயங்காலம் புரோட்டாப் பொட்டலத்தை நீட்டிப் பாருங்கள். வாங்கிக்கொண்டு, "நல்லாயிருங்கய்யா" என்று சொல்லிவிட்டு, நீங்கள் திரும்பியதும் பிய்த்து நாய்க்குப் போடுவார். "பல்லு கெடயாதுல்லா, எதை மெல்ல?" என்று உங்களிடம் சொல்ல மாட்டார். கொடுக்கிறவரிடம் குறை சொன்னால் நாளைக்கு வராமல் போய்விடுவாரோ என்ற பயம். அதனால் கேள்வி நம் பக்கமிருந்து போக வேண்டும். 'சாப்பாடு நல்லாயிருந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'ஆச்சி, நாளைக்குக் கஞ்சியும் துவையலும் கொண்டாரவா, ரசஞ்சோறா?' என்று கேளுங்கள். உண்மை வெளியே வரும்.

பீடி சுற்றுகிற பெண்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், கர்ப்பிணிகள் இருக்கிற இடத்தில் ரத்தசோகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. முருங்கைக்கீரை, பயறு, ஒரு துண்டு எலுமிச்சை போதும். சாப்பாடு முடிந்த கையோடு டீ கொடுக்காதீர்கள். சோற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு விருந்து

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் கிடந்த ஒருவருக்கு ஒரு முழுச் சாப்பாடு போடுவது அவர் உயிருக்கே உலை வைக்கலாம். திடீரென்று மாவுச்சத்து போனதும் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறும். இப்படிப்பட்டவரைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை, நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சித்தண்ணீர் கொடுக்கலாம். பிரியாணி வேண்டவே வேண்டாம்.

1945-இல் பிரிட்டிஷ் படை ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் முகாமை மீட்டபோது நடந்தது இதுதான்: எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்குச் சிப்பாய்கள் இரக்கப்பட்டுத் தங்கள் டின் உணவைக் கொடுக்க, அதைத் தின்று பலர் செத்துப்போனார்கள். பிறகு 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட அரிசி, சர்க்கரைக் கலவையைக் கொண்டுவந்தார்கள். வங்காளிகளுக்கு ஒத்துக்கொண்ட அந்த இனிப்பு ஐரோப்பியர்களுக்குக் குமட்டியது. அவர்கள் ஊர் மிளகாய்ப்பொடியைச் சேர்த்த பிறகுதான் உள்ளே இறங்கியது. உயிர் போகிற பசியிலும் நாக்கு தன் ஊரை விடுவதில்லை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மாதிரியான நேரத்தில் நடக்கிற தவறுகள் தனி ரகம். அடுப்பு மூழ்கிய வீட்டுக்கு அரிசி மூட்டை போகிறது. பத்து நாள் கழித்து, அடுப்பு எரிகிற வீட்டுக்குப் பிரெட் போகிறது. முதல் இரண்டு நாள் அவல், பொரிகடலை, பழம், குடிதண்ணீர்; பிறகு பொதுச் சமையல்; அதற்கப்புறம்தான் மளிகை.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பால்பவுடர் டின் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. வெள்ளத் தண்ணீரில் கலக்கிப் புட்டியில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். தாய்ப்பாலும் குறைந்துபோகும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைத் தானமாக விநியோகிப்பதே குற்றம். அநாதை இல்லங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தத் தாய்க்கு இரண்டு வேளை நல்ல சோறு கொடுங்கள், பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

மற்றவை

சைவமா அசைவமா என்று கேட்காமல் கையில் திணிக்காதீர்கள். முஸ்லிம்கள் அதிகமாக இருக்கிற மேலப்பாளையத்துக்குக் கறிச்சோறு கொண்டுபோனால் ஹலால் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் காய்கறிச் சமையல் யாருக்கும் சங்கடமில்லை. செய்தித்தாளில் மடிக்காதீர்கள், அச்சு மை சோற்றில் ஏறும். பிளாஸ்டிக் தட்டும் தாளும் தமிழகத்தில் 2019 முதல் தடை. ஆற்றுப்பாசனமெல்லாம் வாழையாக நிற்கிற ஊரில் இலைக்கா பஞ்சம்? சோற்றோடு தண்ணீரும் வேண்டும், கை கழுவவும் சேர்த்து. போட்டோ எடுப்பதாக இருந்தால் அண்டாவை எடுங்கள், ஆளை வேண்டாம்.

கடைசியில் மிஞ்சுகிற பொட்டலங்களை 'ராத்திரிக்கு ஆகும், வச்சுக்கோங்க' என்று தலையில் கட்டிவிட்டு வராதீர்கள். நேரம் தாண்டியதைக் குப்பையில் போடுங்கள். அடுத்த தடவை இருபது பொட்டலம் குறைத்துச் சமைத்து, அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.