அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை நடுவிலிருந்து வாசியுங்கள்

வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்வதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற இடம் வந்ததும் மாணவர்கள் அடிக்கோடு போட்டுவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். அந்த வாக்கியம் மகத்தானதுதான். ஆனால் 1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் ஏற்கப்பட்ட அந்த ஆவணத்தின் பெரும்பகுதி ஒரு பிராது. குடியேற்றங்களை ஆண்ட பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ்மீது 27 குற்றச்சாட்டுகள். அங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்று ஆவணங்கள் வேண்டும்: பிரகடனம், 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு, 1791இல் சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, இடப்பக்கம் குற்றச்சாட்டுகளை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். எழுதும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எங்கே, யாருக்கு நடந்தது? பாதிக்கு மேல் மனப்பாடம் செய்யத் தேவையே இராது, கேள்விதான் நினைவில் நிறுத்தும்.

ஓர் எடுத்துக்காட்டு. நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் மன்னரின் விருப்பத்தை மட்டுமே நம்பியிருக்கின்றன என்கிறது ஒரு குற்றச்சாட்டு. மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு இனி மன்னரின் கருவூலமே சம்பளம் தரும் என்ற செய்தி 1772இல் பாஸ்டனுக்கு வந்தபோது ஊர் கொதித்தது. சம்பளம் தருபவர் பக்கம்தானே தீர்ப்பு சாயும் என்ற அச்சம். இப்போது அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவைத் திறவுங்கள். நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. இதை வலப்பக்கத்தில் எழுதி, இரண்டுக்கும் நடுவே கோடு இழுங்கள். வறட்டு விதியாகத் தெரிந்த ஒரு வரிக்குப் பின்னால் கோபம் கொண்ட ஓர் ஊர் நிற்பதை மாணவர்கள் கண்டுகொள்ளும் அந்த நொடிக்காகவே நான் இந்தப் பாடத்தை விரும்பி நடத்தினேன்.

மற்றவற்றை நீங்களே தேடலாம். வீடுகளில் படைவீரர்களைத் தங்கவைத்த புகாருக்கு மூன்றாம் திருத்தம் பதில் சொல்லும். விசாரணைக்காகக் கடல் கடந்து கொண்டுபோகும் புகாருக்கு, குற்றம் நடந்த மாநிலத்திலேயே விசாரணை என்ற விதி. சட்டங்களுக்கு மன்னர் ஒப்புதல் மறுத்தாரா? குடியரசுத் தலைவர் மறுத்தாலும் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதை மீறலாம்.

1776இலிருந்து 1787க்கு ஒரேயடியாகத் தாவிவிடாதீர்கள். நடுவில் 1781 முதல் நடப்பிலிருந்த கூட்டமைப்பு விதிகள் என்ற முதல் அரசியலமைப்பு உண்டு. வரி என்றாலே மன்னரை நினைத்துக்கொண்ட மக்கள், தங்கள் மத்திய அரசுக்கே வரி விதிக்கும் அதிகாரம் தரவில்லை. விதியைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி என்ற யோசனை, ரோட் ஐலண்ட் மறுத்ததும் சரிந்தது. 1786இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை முற்றுகையிட்டபோது மத்திய அரசு கையைப் பிசைந்து நின்றது. இதற்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் கூடியவர்கள் மன்னரின் கொடுமையை மட்டும் மனத்தில் வைத்து எழுதவில்லை. தாங்கள் அமைத்த அரசின் பலவீனத்தையும் பார்த்துவிட்டு எழுதினார்கள்.

கடைசியாக, பிரகடனத்தில் இல்லாததையும் எழுதுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பாடத்தை முடிக்க நான் யாரையும் விட்டதில்லை. அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடும் ஒரு பத்தி, பிரகடனத்தை முதலில் எழுதிய தாமஸ் ஜெபர்சனின் வரைவில் இருந்தது. அவரே அடிமைகளை வைத்திருந்தவர். குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய அவையான காங்கிரஸ் அந்தப் பத்தியை நீக்கியது. ஏற்கப்பட்ட கடைசிக் குற்றச்சாட்டோ பூர்வகுடி மக்களை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. நீக்கப்பட்ட பத்தியை இடப்பக்கம் குறித்துக்கொண்டு வலப்பக்கத்துக்கு வாருங்கள். முதலில் வருவது, 1808க்கு முன் அடிமை இறக்குமதியை நாடாளுமன்றமான காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பு விதி. அதற்குக் கீழே நிறைய இடம் விட்டு, அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம், 1865 என்று எழுதுங்கள்.