யாழ்ப்பாணத்து வெக்கையில் விஸ்கியை வருடக்கணக்கில் வைத்திருப்பது எப்படி

விஸ்கி எத்தனை வருடம் தாங்கும் என்பதற்குப் பதில் அதன் முத்திரையில்தான் இருக்கிறது. உடைக்காத போத்தலை நல்ல இடத்தில் நிமிர்த்தி வைத்தால் 20, 30 வருடம் கழித்தும் குடிக்கலாம். திறந்த போத்தலுக்கு மாதக் கணக்குத்தான். 40 சதவீத மதுசாரத்தில் கிருமியோ பூஞ்சணமோ வளராது. அதனால் பால், கள்ளுப் போல அது புளித்துக் கெடுவதில்லை. ஆனால் மணம் போய்விடும், சுவை தட்டையாகிவிடும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினர் தந்த போத்தலை மகளின் கலியாணத்துக்கென்று எடுத்து வைக்கிறவர்கள், பிறகு திறந்து பார்த்து ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒன்றை முதலில் தெளிவாக்கவேண்டும். போத்தலில் அடைத்த விஸ்கி முதிர்வதில்லை. ஸ்கொட்ச் என்றால் 700 லீட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாவில் குறைந்தது 3 வருடம் கிடந்திருக்கவேண்டும். லேபலில் 12 என்று இருந்தால், அந்தக் கலவையில் மிக இளைய விஸ்கிகூட 12 வருடம் பீப்பாவில் இருந்தது என்று பொருள். அதை நீங்கள் இன்னும் 10 வருடம் அலுமாரியில் வைத்தாலும் அது 12 வருட விஸ்கிதான். வெக்கை பீப்பாவுக்குள் வேலை செய்யும். ஸ்கொட்லாந்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகும் விஸ்கி, பெங்களூரில் 10 சதவீதம் வரை போகும். அங்கே அந்த இழப்புக்கு ஈடாக மரத்தின் சாரம் வேகமாக இறங்கும். கண்ணாடிக்குள் அப்படி ஒரு ஈடும் இல்லை. ஆகவே இங்கே எங்கள் வேலை விஸ்கியை நல்லதாக்குவது அல்ல, வந்தபடியே காப்பது.

வெக்கை என்ன செய்கிறது?

700 மில்லிலீட்டர் விஸ்கி 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிலீட்டர் விரியும். மூடிக்குக் கீழே இருக்கும் காற்றிடமோ சிறியது. அங்கே அமுக்கம் ஏறி, மதுசார ஆவி கோர்க்கின் ஓரத்தால் வெளியே கசியும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியால் வெளிக்காற்று உள்ளே வரும். ஒவ்வொரு நாளும் இது நடந்தால் சில வருடங்களில் போத்தலின் கழுத்து மட்டம் தோள்வரை இறங்கிவிடும். அதனால் நிலையான 29 பாகையைவிட, பகலில் 36, இரவில் 26 என்று ஏறி இறங்குவதுதான் கூடக் கெடுதல். ஸ்கொட்லாந்துக்காரர் சொல்லும் 15 முதல் 20 பாகை இங்கே குளிரூட்டி இல்லாமல் கிடைக்காது. அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல உள்ளறை ஒன்றில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இராது. அது எங்களுக்குக் கிடைத்த வசதி.

இடத்தைத் தேர்வது இப்படி. உச்சமும் தாழ்வும் காட்டும் வெப்பமானி ஒன்றை ஏப்ரல் அல்லது மே மாதத்தில், நினைத்த இடத்தில் ஒரு கிழமை வையுங்கள். உச்சம் 31 பாகைக்குள்ளும், உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி 4 பாகைக்குள்ளும் இருந்தால் அந்த இடம் போதும். பழைய சுண்ணாம்புச் சுவர் வீட்டில் ஓட்டுக் கூரைக்குக் கீழே, வெளிச்சுவர் படாத நடு அறை பெரும்பாலும் தேறும். புதிய வீடுகளில் மேல்மாடியைத் தவிருங்கள். கொங்கிறீற் பிளாற் பகல் முழுக்க வாங்கிய சூட்டைச் சாமம் வரை கீழே விடும். சீற் போட்ட சாமான் அறை எல்லாவற்றிலும் மோசம். மேற்குச் சுவரோடு சேர்ந்த அலுமாரியும் வேண்டாம். எந்த அறையானாலும் அலுமாரியின் மேற்தட்டைவிடக் கீழ்த்தட்டு குளிர்ச்சி.

குசினியில் வைக்கவே கூடாது. சூடு ஒரு காரணம், நெருப்பு மற்றது. 40 சதவீத மதுசாரம் 26 பாகை அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். எங்கள் சாதாரண அறை வெப்பமே அதைவிடக் கூட. அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் போத்தலைத் திறப்பதோ ஊற்றுவதோ ஆபத்து. பிரிட்ஜின் மேலும் வேண்டாம், அதன் பின்பக்கச் சூடு மேலே ஏறும்.

ஹோலில் இருக்கும் கண்ணாடிச் சோகேஸ்தான் பலருக்கு மனம் விடாத இடம். வெளிச்சம், அதிலும் நேர் வெயில், விஸ்கியின் நிறத்தை வெளிற வைத்து மணத்தையும் மாற்றும். நிறமற்ற கண்ணாடிப் போத்தலில் இது வேகமாக நடக்கும். சோகேசை நிறைக்க ஆசை இருந்தால் முடிந்த போத்தல்களை அதில் அடுக்குங்கள். நிறைந்ததை அட்டைப் பெட்டியோடு உள்ளே வையுங்கள்.

நிமிர்த்தி வையுங்கள்

வைன் போத்தலைச் சரித்து வைப்பதைப் பார்த்து விஸ்கியையும் சரிப்பவர்கள் உண்டு. வைனில் 12 முதல் 14 சதவீத மதுசாரம். அது கோர்க்கை ஈரமாக வைத்திருக்கும், தின்னாது. விஸ்கி கோர்க்கில் மாதக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் கோர்க் தளர்ந்து உதிரும், அதன் கசப்பு விஸ்கியில் இறங்கும். திருகுமூடியிலும் உள்ளே இருக்கும் மெல்லிய தாள் அரிபடும். ஆகவே எந்த மூடியானாலும் போத்தல் நிமிர்ந்தே இருக்கவேண்டும்.

கோர்க் மூடியுள்ள போத்தலை நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடி மட்டும் சரித்து, கோர்க்கை நனைத்து, திரும்ப நிமிர்த்துங்கள். எங்கள் கடற்காற்றில் கோர்க் அவ்வளவு காய்வதில்லை. ஆனால் குளிரூட்டி நாள் முழுக்க ஓடும் அறையில் காயும். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது.

போத்தல் கைக்கு வந்த அன்றே செய்யவேண்டியவை: முத்திரை முழுமையா என்று பாருங்கள். கவிழ்த்துப் பிடித்து கசிவு உண்டா என்று பாருங்கள். பிறகு குசினித் தராசில் 1 கிராம் வரை துல்லியமாக நிறுத்து, நிறையையும் திகதியையும் மாஸ்கிங் ரேப்பில் எழுதிப் போத்தலின் அடியில் ஒட்டுங்கள். லேபலில் ஒட்டவேண்டாம், பிறகு உரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தராசில் திரும்ப நிறுங்கள். இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் தராசின் பிழையாக இருக்கலாம். 10 கிராம் குறைந்திருந்தால் ஏறக்குறைய 11 மில்லிலீட்டர் போயிருக்கிறது, மூடி கசிகிறது என்று பொருள். கண்ணால் மட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே தராசு சொல்லிவிடும்.

கசியும் மூடிக்கு மேல் பராஃபில்ம் என்னும் இழுபடும் மெழுகுப் படலத்தைச் சுற்றுவது சரியான வழி. பரிசோதனைக்கூடச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். 5 சென்ரிமீற்றர் அகலத் துண்டை இரட்டிப்பு நீளத்துக்கு இழுத்து, மூடி இறுகும் திசையிலேயே சுற்றி, கழுத்தில் ஒரு விரலளவு இறக்குங்கள். கிடைக்காவிட்டால் குழாய்ப் பொருத்துக்குச் சுற்றும் வெள்ளைத் தெஃப்லோன் ரேப் போதும். அதையும் இறுக்கி நாலு சுற்று. எங்கள் வெக்கையில் பராஃபில்ம் காய்ந்து வெடிக்கும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மின் வேலைக்குச் சுற்றும் கறுப்பு ரேப் வேண்டாம். அதன் பசை இளகி லேபலில் வழியும். மெழுகு உருக்கி ஊற்றுவதும் பயனில்லை, சிறிது காலத்தில் வெடித்துக் கழலும்.

கறையானும் மாரியும்

விஸ்கிக்கு ஒன்றும் ஆகாமலே போத்தலின் மதிப்புப் போகும் வழி இது. அட்டைப் பெட்டியைத் தரையில் சுவரோடு ஒட்டி வைத்தால் கறையான் அடியால் ஏறும். இரும்புத் தட்டில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஈரம் கூடும், லேபலில் பூஞ்சணம் பிடிக்கும். உருளைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, மழை விட்டதும் மாற்றுங்கள். லேபலுக்குப் பொலித்தீன் சுற்றவேண்டாம், ஈரம் உள்ளே அடைபடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடானால், காவல் பார்ப்பவர் அறையைத் திறக்கும்போது தட்டின் காலில் கறையான் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

திறந்த பிறகு

பாதி குறைந்த 700 மில்லிலீட்டர் போத்தலில் 350 மில்லிலீட்டர் காற்று இருக்கிறது. அதில் ஏறக்குறைய 70 மில்லிலீட்டர் ஒட்சிசன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது புதிதாகும், எளிதில் ஆவியாகும் மணங்கள் வெளியே போகும். முதல் சில கிழமை இந்த மாற்றம் நன்மையாகக்கூட இருக்கும், காரமான விஸ்கி சற்று மிருதுவாகும். பிறகு இறக்கம்தான். முதலில் போவது பழ மணமும் புகை மணமும். லஃப்ரொயிக், ஆட்பெக் போன்ற புகை விஸ்கிகளைத் திறந்தபின் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் வெக்கைக்கு ஏற்ற நடைமுறைக் கணக்கு: முக்கால்வாசிக்கு மேல் இருந்தால் ஒரு வருடம். பாதி இருந்தால் ஆறு மாதம். கால்வாசிக்குக் கீழே வந்தால் இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள், அல்லது சிறிய போத்தலுக்கு மாற்றுங்கள்.

மாற்றுவதுதான் உண்மையான தீர்வு. காற்றைக் குறைப்பதைப்போல வேறு ஒன்றும் பலன் தராது. 375 மில்லிலீட்டர் அரைப் போத்தலும் 180 மில்லிலீட்டர் கால் போத்தலும் சரியான அளவு, ஆனால் கண்ணாடியாக இருக்கவேண்டும். பிளாஸ்ரிக்கில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். சாராயம் இருந்த போத்தலைக் கழுவலாம், அதன் மூடியை மட்டும் எறிந்துவிடுங்கள். மூடிக்குள் இருக்கும் மெத்தை மணத்தைப் பிடித்து வைத்திருக்கும், எந்தக் கழுவலுக்கும் விடாது. மருந்துப் பாணி இருந்த போத்தலும் அதே காரணத்தால் ஆகாது. கழுவும் முறையில் ஒரு கவனம் வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணக்கல் நீர். காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் படலம் விடும். சுடுநீரில் அப்பச்சோடா கலந்து அலசி, கடைசி இரண்டு அலசலும் போத்தல் தண்ணீரில் செய்து, இரண்டு நாள் கவிழ்த்து முழுக்கக் காயவிடுங்கள். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். புனலும் கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத உருக்கு. கழுத்தின் அடிவரை நிரப்பி, பெயரும் திகதியும் எழுதி மூடுங்கள்.

இதே காரணத்தால், தண்ணீர் கலந்து மிஞ்சியதைத் திரும்பப் போத்தலில் ஊற்றக்கூடாது. மதுசாரம் குறைந்து, சுண்ணாம்பு சேர்ந்து, சில நாளில் அடியில் மண்டி கட்டும்.

வைனுக்கு விற்கும் காற்று உறிஞ்சும் பம்பை விஸ்கிக்குப் போடாதீர்கள். அது காற்றோடு மணத்தையும் இழுத்துவிடும்.

கோர்க் உடைந்தால் பதற வேண்டியதில்லை. மிஞ்சிய துண்டில் திருகியை மெதுவாகச் சரித்து ஏற்றி எடுங்கள். வராவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு, கோப்பி வடிகடதாசியில் வடித்து, சுத்தமான போத்தலில் ஊற்றுங்கள். இதற்காகவே முடிந்த போத்தல்களின் கோர்க் மூடிகளைச் சுடுநீரில் கழுவி, நிழலில் காயவைத்து ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். கழுத்தின் அளவு போத்தலுக்குப் போத்தல் வேறுபடும், ஏழெட்டு இருந்தால் ஒன்றாவது பொருந்தும்.

கலியாணப் பரிசாக வந்த கிறிஸ்ரல் ஜாடியில் விஸ்கியை ஊற்றி வைக்கவேண்டாம். பழைய கிறிஸ்ரலில் ஈயம் உண்டு, மதுசாரம் அதை மெல்ல மெல்லக் கரைக்கும். அன்று இரவு மேசைக்கு வைத்து அன்றே முடித்தால் பிழையில்லை.

பிரிட்ஜில் வைக்கலாமா என்றால், கெடாது. குளிரில் மணம் அடங்கும், அவ்வளவுதான். சில விஸ்கிகள் பிரிட்ஜில் புகைபோல் மங்கும். குளிர்வடிப்பு, அதாவது அடைக்கமுன் குளிரவைத்து வடிப்பது, செய்யாத விஸ்கியில், முக்கியமாக 46 சதவீதத்துக்குக் கீழே, எண்ணெய்ப்பசையான கூறுகள் குளிரில் திரள்வதால் வருவது அது. வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதைக் கெட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். ஈரமான அட்டை மணமோ, பெயின்ற் மணமோ, வினாகிரிக் காரமோ வந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

விஸ்கியோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாதவை

பாலாடை சேர்ந்த மதுவகைகள் இந்தக் கணக்கில் சேரா. பெய்லீஸ் திறந்தாலும் திறக்காவிட்டாலும், தயாரித்த நாளிலிருந்து 2 வருடத்துக்கே சுவை உறுதி. அதுவும் 25 பாகைக்குள் வைத்தால். எங்கள் அறையில் அது நடவாது, வந்த அன்றே பிரிட்ஜுக்குள் போகவேண்டும். வெர்மூத் என்னும் மூலிகை வைனும் சாதாரண வைனும் திறந்தபின் பிரிட்ஜில்கூட அதிக நாள் தாங்கா.

பனஞ்சாராயத்துக்கும் தென்னஞ்சாராயத்துக்கும் விஸ்கியின் விதிகளே பொருந்தும். உள்ளூர்ச் சாராயங்கள் பல 33.5 அல்லது 36.8 சதவீதத்தில் வருபவை. கிருமிக்கு அதுவும் இடம் கொடாது. ஆனால் மெல்லிய திருகுமூடி பல தடவை திறந்து மூடத் தாங்காது. திறந்த சாராயத்தை மூன்று மாதத்துக்குமேல் வைக்க நினைத்தால் மூடியைச் சுற்றித் தெஃப்லோன் ரேப் போடுங்கள், அல்லது நல்ல மூடியுள்ள சிறிய போத்தலுக்கு மாற்றுங்கள்.