அப்பீல் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் வழக்கறிஞர், போன வாரம் அப்பீல் அறிவிப்புக்குக் கடைசி நாள் என்று நாள்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டுக் காட்டினார். நீதிபதியின் தீர்ப்புரை கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் என்பது அவர் கணக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் ஆண்டில் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். மூத்தவர் ஒருவர் கவனித்ததால் தப்பித்தேன்.

தீர்ப்புரைக்காகக் காத்திருப்பது

சிங்கப்பூர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுப்படி, தண்டனை விதித்த தேதியிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுத்துவிட வேண்டும். தீர்ப்புரையில் நீதிபதி சொல்லும் காரணங்களைப் படித்துவிட்டு முடிவு செய்யலாமே என்று தோன்றும். ஆனால் அறிவிப்பு போன பிறகுதான் பெரும்பாலும் நீதிபதி முழுத் தீர்ப்புரையை எழுதவே உட்காருவார்.

தம்பிக்காக வந்த ஓர் அக்கா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். தேக்கா சந்தைக்குக் கொண்டுபோகும் பையில் கோப்பை மடித்து வைத்திருந்தார். "தீர்ப்புப் பேப்பர் வரட்டும்னு சொன்னாங்க சார், அதான் இருந்தோம்." அன்று 23ஆம் நாள். அப்படிச் சொன்னவர் ஒரு வழக்கறிஞர் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. காலம் கடந்து அப்பீல் செய்ய அனுமதி கேட்டோம். எத்தனை நாள் தாமதம், ஏன் தாமதம், அப்பீல் வெல்ல வாய்ப்புண்டா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். அனுமதி கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அறிவிப்பு என்பது ஒரு சின்னப் படிவம். அப்புறம் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம்.

மனுவைக் கோட்டைவிடுவது

வழக்குப் பதிவேடும் தீர்ப்புரையும் கைக்கு வந்ததும் இன்னொரு 14 நாள் ஓடத் தொடங்கும். அதற்குள், அப்பீலுக்கான காரணங்களைச் சொல்லும் மேல்முறையீட்டு மனு போகாவிட்டால் அப்பீலை மீட்டுக்கொண்டதாகவே கொள்ளப்படும். மனுவில் "தண்டனை அதிகம்" என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். அதில் இல்லாத காரணத்தைப் பிறகு எழுப்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு

தண்டனையின் அளவையும், அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டுமே எதிர்க்க முடியும்.

அப்பீல் போட்டாலே தண்டனை நின்றுவிடுமா?

நிற்காது. நிறுத்திவைக்கவும் பிணைக்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

தண்டனை கூடலாம் என்று சொல்லாமல் விடுவது

உயர் நீதிமன்றம் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிறையில் இருப்பவர்

குடும்பத்தார் சாங்கி சிறைக்கு வந்து பார்க்கும் நாள்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. கெடுவுக்குள் சிறை அதிகாரியிடம் தெரிவித்தாலே போதும், சட்டம் அதை ஏற்கிறது. தண்டனை வாசித்த அன்றே, அவரைக் கீழே அழைத்துப் போகும் முன், இதைச் சொல்லிவிடுங்கள்.