கதையில் படித்த தீவுக்குக் கிளம்பும் முன்

சிறுவயதில் படித்த தீவுக் கதைகள் லேசில் விடாது. எத்தனை வயதானாலும் தென்னையும் நீலக்கடலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். போயே தீருவது என்றால் முதலில் அட்லஸில் அட்சரேகையைப் பாருங்கள்.

'ராபின்சன் குருசோ' (1719) கதைக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படும் அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமி, 1704 முதல் 1709 வரை தன்னந்தனியே கிடந்த தீவு சிலிக்கு மேற்கே பசிபிக்கில் இருக்கிறது. 1966-இல் அதற்குக் குருசோவின் பெயரையே வைத்துவிட்டார்கள் (சுற்றுலா ஆசைதான், வேறென்ன!). ஆனால் அது இருப்பது சுமார் 33 டிகிரி தெற்கில், வெப்பமண்டலமே இல்லை. கதைத் தீவோ தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே.

அடுத்து, பருவம். தென் பசிபிக் தீவுகளான சமோவா, ஃபிஜி பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மே முதல் அக்டோபருக்குள் போய்வருவது நல்லது.