அம்பாசிடர் ஃபேன் போல்ட் இறுகிக் கிடந்தால் கழற்றுவது எப்படி?

அம்பாசிடரில் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தால் முதலில் ஃபேனைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருப்பது நான்கே நான்கு சின்ன போல்ட். ஆனால் பாதி வண்டிகளில் வேலை அந்த நான்கு போல்ட்டிலேயே நின்றுவிடுகிறது. திருச்சியில் எங்கள் பட்டறைக்கு வரும் அம்பாசிடர்கள் பெரும்பாலும் கல்யாணம், கோயில் என்று எப்போதாவது வெளியே எடுக்கிற வண்டிகள். மீதி நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். ரேடியேட்டரில் கூலன்ட் இருக்காது, போர் தண்ணீர்தான் இருக்கும். பம்ப் சீல் போய் அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ஃபேன் சுற்றும்போது ஹப் (ஃபேன் பூட்டியிருக்கும் பம்ப்பின் முன் முனை) முழுக்கத் தெறிக்கும். எஞ்சின் சூட்டில் அது காயும், மறுபடி நனையும். போல்ட் மரையில் துரு ஏறுவது இப்படித்தான்.

நான் சொல்வது 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு, அதாவது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் வழியில் வந்த பழைய எஞ்சினுக்கு. இசுசூ 1800 எஞ்சின் உள்ள வண்டி என்றால் ஸ்பேனர் அளவு மில்லிமீட்டரில் வரும். மற்றபடி முறை ஒன்றுதான்.

அந்த அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் போல்ட் தலையைக் கெடுக்கிறார்கள். ஒரிஜினல் போல்ட் கால் இஞ்ச் யுஎன்எஃப் (இஞ்ச் அளவில் நெருக்கமான மரை), இஞ்சுக்கு 28 மரை. தலை 7/16 இஞ்ச், அதாவது 11.11 மில்லிமீட்டர். 12 நம்பர் ஸ்பேனர் போட்டால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரை இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும். இஞ்ச் அளவு பாக்ஸ் ஸ்பேனர், அதுவும் ஆறு பட்டை உள்ளது, ஒன்று வாங்கி வையுங்கள். பன்னிரண்டு பட்டை வேண்டாம், அது மூலையை மட்டும்தான் பிடிக்கும். ஓப்பன் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. இன்னொன்று, நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். முன்பு யாராவது 6 மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்திருந்தால் அதன் தலை 10 நம்பராக இருக்கும். மரை அளவு வேறு என்பதால் அது ஹப்பின் மரையையும் கெடுத்திருக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி எர்த் வயரைக் கழற்றுங்கள். தண்ணீரை ஒரு தட்டில் வடித்துவிட்டு ரேடியேட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். கூலன்ட் இருந்தால் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும் என்று நாய் நக்கினால் அதற்கு விஷம். ரேடியேட்டரை எடுக்காமலே கையை நுழைத்துச் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பேனர் நேராக உட்கார இடம் வேண்டும். அது வழுக்கினால் முதலில் கிழிவது ரேடியேட்டர் கோர்தான், அடுத்து உங்கள் விரல்.

ஃபேன் பெல்ட்டை மட்டும் இப்போது தளர்த்தாதீர்கள். பம்ப் சுற்றாமல் பிடித்து வைக்கப்போவது அதுதான்.

அடுத்து கம்பி பிரஷ்ஷால் நான்கு தலைகளையும் பளிச்சென்று தேய்த்து, பூட்டு வாஷர் மடித்திருந்தால் உளியால் நிமிர்த்திவிட்டு, ரஸ்ட் ஆயில் விடுங்கள். கடையில் விற்கும் ஸ்பிரே போதும். சிலர் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து விடுவார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டும் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டிலும் பெல்ட்டிலும் படக்கூடாது, பக்கத்தில் நெருப்பும் ஆகாது. ஹப்பின் பின்பக்கம் போல்ட் நுனி தெரிந்தால் அங்கேயும் விடுங்கள், மரை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சாயந்திரம் ஒரு தடவை, படுக்கப்போகும் முன் ஒரு தடவை. காலையில் வந்து தொடுங்கள். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு ராத்திரியை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காலையில் பித்தளைத் துண்டு ஒன்றைத் தலையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் டக் டக்கென்று தட்டுங்கள். ஓங்கி அடித்தால் பம்ப் பேரிங் போய்விடும். பிறகு ஸ்பேனரைப் போட்டு, முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு துளி அசைத்துப் பாருங்கள். துருவின் பிடி அங்கேதான் விடும். அதன் பிறகு இடப்பக்கம் திருப்புங்கள். கால் இஞ்ச் போல்ட்டை இறுக்கவே சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அது ஏழு கிலோ இழுப்பு. பைப் செருகி நீட்டி இழுத்தால் துரு விடுவதற்கு முன் போல்ட் முறுகி அறுந்துவிடும். கொஞ்சம் வந்து மறுபடி இறுகினால் திரும்ப உள்ளே விட்டு, ஆயில் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொண்டு வாருங்கள்.

ஹப் சேர்ந்து சுற்றினால் பெல்ட்டை நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். போதவில்லை என்றால் பக்கத்து இரண்டு போல்ட் தலைகளுக்கு நடுவே பெரிய ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே கொடுங்கள். ஃபேன் இலையை மட்டும் பிடிக்கவே பிடிக்காதீர்கள். இலை லேசாக வளைந்தாலும் பேலன்ஸ் போகும், புது பம்ப் பேரிங்கையும் தின்றுவிடும். வளைந்ததை நிமிர்த்தி ஓட்டினால் அந்த மடிப்பிலேயே விரிசல் விடும்.

தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் 11 மில்லிமீட்டர் ஆறு பட்டை சாக்கெட்டைத் தட்டி ஏற்றுங்கள். தேய்ந்த 7/16 தலையில் அது இறுக்கமாக உட்காரும். அதுவும் பிடிக்காவிட்டால் வைஸ் கிரிப், அதாவது கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு. கேஸ் நெருப்பு காட்டுவது கடைசி வழி, அதுவும் பம்ப்பை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும்தான். சூடு உள்ளே இருக்கும் சீலையும் பேரிங் கிரீஸையும் கெடுத்துவிடும். பெட்ரோல் பம்ப்பும் அதன் பைப்பும் அதே எஞ்சினில்தான் இருக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரு போல்ட் அறுந்தே போனாலும் பதற வேண்டாம். மற்ற மூன்றும் வந்துவிட்டால், பெல்ட்டைத் தளர்த்தி எடுத்ததும் ஃபேனும் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) கையோடு வந்துவிடும். தலையடியில் அறுந்திருந்தால் போல்ட்டின் மிச்சம், ஃபேன், புல்லி இரண்டின் கனம் அளவுக்கு ஹப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பலாம். தலையின் இழுப்பு போய்விட்டதால் பல சமயம் சுலபமாகவே வரும். ஹப்போடு புது பம்ப் போடுவதாக இருந்தால் அதுகூடத் தேவையில்லை, பழையது அப்படியே போகட்டும். பழைய பம்ப்பையே போடுவதாக இருந்து, போல்ட் ஹப் மட்டத்துக்கே அறுந்திருந்தால் பம்ப்பைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். வண்டியிலேயே வைத்து ஈஸி அவுட் (அறுந்த போல்ட்டில் துளை போட்டுத் திருப்பி எடுக்கும் கருவி) போட்டுத் திருப்பாதீர்கள். அது கடினமான எஃகு, உள்ளே உடைந்தால் டிரில் ஏறாது.

திரும்பப் பூட்டும்போது கால் இஞ்ச் யுஎன்எஃப் டேப்பை (மரை வெட்டும் கருவி) ஹப் மரையில் ஓட்டித் துருவை எடுத்துவிடுங்கள். புது போல்ட், புது ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையில் தேடினால் இஞ்ச் போல்ட் கிடைக்கும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, எதிரெதிராக இறுக்குங்கள். பெல்ட்டின் நீளமான பக்கத்தை நடுவில் அழுத்தினால் அரை இஞ்ச் இறங்க வேண்டும். ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் கலந்த தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓட விடுங்கள். ஃபேனுக்கு நேர் பக்கவாட்டில் நிற்காமல், முன்னால் தள்ளி நின்று பாருங்கள். இலை நுனி ஒரே கோட்டில் சுற்றாமல் ஆடினால் உடனே ஆஃப் செய்துவிட்டு, புல்லிக்கும் ஹப்புக்கும் நடுவே துருத் தூள் மாட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.